பழைய கற்பனைச் சிற்றுருப் படை: திட்டமிடலும் வண்ணம் தீட்டலும்

கற்பனைச் சிற்றுருப் படை என்பது ஓர்க், கோப்ளின், குள்ளர், எல்ஃப், எலும்புக்கூட்டு வீரர் போன்ற கதை உலக இனங்களின் சிறிய உருவங்களைக் கொண்டு, மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காகத் திரட்டப்படும் படையாகும். மினியேச்சர் என்று பரவலாக அறியப்படும் இவ்வுருவங்களை இக்கட்டுரையில் சிற்றுரு என்று குறிப்பிடுகிறோம். ஓர் ஆள் உரு பெரும்பாலும் கட்டைவிரலின் மேற்கணு அளவே இருக்கும். 1970களின் நடுப்பகுதி முதல் 1990களின் தொடக்கம் வரை வார்க்கப்பட்டவற்றைச் சேகரிப்பவர்கள் பழைய சிற்றுருக்கள் என்கிறார்கள். பெரும்பாலானவை ஈயக் கலவையால் ஆனவை.

புதிய படை ஒன்றைச் சேர்ப்பவர் முதலில் பட்டியல் எழுதுகிறார், பிறகு கடைக்குப் போகிறார். பழைய படையில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். அந்த உருக்களில் பெரும்பாலானவற்றின் வார்ப்பு நின்று முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. எது கையில் கிடைக்கிறதோ அதிலிருந்துதான் படை உருவாக வேண்டும். மேலும், பழைய வண்ணத்தைக் கரைப்பது, அரத்தால் தேய்ப்பது, அடிப்பகுதியை வெட்டுவது ஆகிய வேலைகளைச் செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. அதனால் தூரிகையைத் தொடுவதற்கு முன்பு எடுக்கும் முடிவுகளே இங்கு முக்கியமானவை. 1980களில் இங்கிலாந்தின் சிட்டாடல் நிறுவனம் வார்த்த ஓர்க், கோப்ளின் உருக்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைப் பார்ப்போம்.

வரலாற்றுப் பின்னணி

பொம்மைப் படைவீரர்களை வைத்து விதிகளோடு போர் ஆடும் வழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்ற நூல்களுள் ஒன்று, எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்'. அதில் கற்பனை இனங்கள் இல்லை. அமெரிக்காவில் 1971இல் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் இருவரும் எழுதிய 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிநூலின் பிற்சேர்க்கையில் மந்திரவாதிகளும் டிராகன்களும் இடம்பெற்றன. அதிலிருந்து வளர்ந்ததே 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பதால், ஒரு வீரர், ஒரு மந்திரவாதி, ஒரு திருடன் என்று தனித்தனி உருக்கள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் ரால் பார்த்தா 1975இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் லண்டனில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் தொடங்கியது. அதன் ஆதரவோடு 1970களின் இறுதியில் பிரையன் ஆன்செல் நடத்திய சிற்றுரு நிறுவனமே சிட்டாடல்.

பாத்திர ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு உருவே போதும். படை நடத்துபவருக்கோ நூறு வேண்டும். விற்பனை பெருக வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்துதான் 1983இல் 'வார்ஹேமர்' விதிநூல் பிறந்தது. பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் அதன் ஆசிரியர்கள். 1984இல் இரண்டாம் பதிப்பும் 1987இல் கெட்டி அட்டையில் மூன்றாம் பதிப்பும் வந்தன. 1988இல் படைப் பட்டியல்களுக்கென்றே தனி நூல் வெளியானது. 1992இல் வந்த நான்காம் பதிப்பின் பெட்டிக்குள் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உருக்கள் வரிசை வரிசையாக இருந்தன. பழையது, புதியது என்று பலர் கோடு போடுவது இந்த இடத்தில்தான்.

இந்த வணிக வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனி ஆளாக நிற்பதற்குச் செதுக்கப்பட்ட உருக்கள் பிறகு அணிவகுத்து நிற்கப் பணிக்கப்பட்டன. ஒருவன் ஈட்டியைக் குறுக்கே நீட்டியிருப்பான். மற்றொருவன் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பான். முகங்களில் எதுவும் மற்றொன்றைப் போல இராது. கெவ் ஆடம்ஸ் செதுக்கிய கோப்ளின்களின் இளிப்பை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பழைய படையின் அழகும் அதை அடுக்கும்போது வரும் தலைவலியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

உருக்களை அடையாளம் காணுதல்

சிட்டாடல் தன் உருக்களை எண் வரிசைகளாகப் பிரித்திருந்தது. சி 01 போர்வீரர், சி 02 மந்திரவாதி, சி 06 குள்ளர், சி 23 ஓகர், சி 35 கேயாஸ் வீரர் என்று அவை போகும். வரிசைக்குள் ஒவ்வோர் உருவுக்கும் தனிப்பெயர் உண்டு. 1980களின் நடுப்பகுதிக்கு முன் வார்க்கப்பட்டவற்றில் காலடியில் உலோகத் தட்டு சேர்ந்தே இருக்கும். பிறகு வந்தவற்றில் காலுக்குக் கீழே ஒரு உலோகப் பட்டை இருக்கும். அதைப் பிளவு கொண்ட பிளாஸ்டிக் அடித்தட்டில் செருக வேண்டும். இதற்கு ஸ்லாட்டாபேஸ் என்று பெயர். அந்தப் பட்டையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயர், ஆண்டு, பல சமயம் உருவின் பெயரும்கூட அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய அடித்தட்டைக் கழற்றியதும் முதல் வேலையாக அதைக் குறித்துக்கொள்வது நல்லது. ஒட்டிவிட்டால் மீண்டும் படிக்க முடியாது.

வார்ப்பு முறையும் தெரிந்திருக்க வேண்டும். சிற்பி கம்பிச் சட்டத்தின்மேல் எபாக்சி புட்டியால் மூல உருவைச் செய்வார். அதனை இரண்டு ரப்பர் வட்டுகளுக்கிடையே வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அச்சு எடுப்பார்கள். அச்சைச் சுழலவிட்டு நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றினால், மைய விலக்கு விசையால் அது ஓரங்களுக்குப் பாய்ந்து நிரம்பும். ரப்பர் தேயத் தேய, பின்னால் வார்த்தவற்றில் விவரங்கள் மழுங்கும். இரண்டு அச்சுகளும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழும். போலிகளைக் கண்டறியவும் இது உதவும். வார்த்த உருவையே மூலமாக வைத்து மறுவார்ப்புச் செய்தால், உலோகம் குளிரும்போது சுருங்குவதால் போலி சற்றுச் சிறியதாகவும் கண், பல் போன்ற இடங்களில் குழைந்தும் இருக்கும். அசல் என்று தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தினால் வேறுபாடு புலப்படும்.

அளவையும் கவனிக்க வேண்டும். பழையவை 25 மில்லிமீட்டர் அளவு என்ற பெயரில் விற்கப்பட்டவை. பின்னாளில் உருக்கள் படிப்படியாகப் பெருத்து 28, 32 என்று வளர்ந்துவிட்டன. இன்றைய ஓர்க் ஒருவனைப் பழைய படையில் சேர்த்தால் அவன் பக்கத்தில் நிற்பவன் சிறுவனாகத் தெரிவான். குறைந்த எண்ணிக்கையைப் புதியவற்றால் நிரப்ப நினைப்பவர்கள் இதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

ஈயம் குறித்து

தமிழில் காரீயம், வெள்ளீயம் என்று இரண்டு உலோகங்கள் உண்டு. பேச்சுவழக்கில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆவது. பழைய சிற்றுருக்களில் பெரும்பங்கு காரீயம். வெள்ளீயமும் வேறு சில உலோகங்களும் சிறிதளவு சேர்ந்திருக்கும். காரீயம் நச்சு உலோகம், குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் ஈயப் பொம்மைகளுக்குத் தடை வரும் என்ற பேச்சு எழுந்ததை ஒட்டி ரால் பார்த்தா ஈயமில்லாத கலவைக்கு மாறியது. மற்ற நிறுவனங்களும் அந்தப் பத்தாண்டுக்குள் அதே வழியில் சென்றன.

கையில் எடுத்துப் பார்ப்பதால் மட்டும் பெரிய தீங்கு வந்துவிடாது. வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போவதே ஆபத்து. அரத்தால் தேய்க்கும்போது உருவை ஈரமாக வைத்துக்கொண்டால் தூள் பறக்காது. முகமூடி அணிய வேண்டும். கீழே ஈரத்தாள் விரித்து, தூளோடு சுருட்டி அப்புறப்படுத்த வேண்டும். தூளை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. அது காற்றில் கலக்கும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடாது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பல ஓவியர்களுக்கு உண்டு. அதை இங்கே அறவே விட்டுவிட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றைப் பூட்டி வைப்பதே முறை. பள்ளி மாணவர்கள் இக்கலையைக் கற்க விரும்பினால் ஈயமில்லாத புதிய உருக்களில் தொடங்கட்டும்.

திட்டம்

முதல் வேலை கணக்கெடுப்பு. கையில் உள்ள எல்லா உருக்களையும் ஒரு மேசையில் பரப்பி, இனம், ஆயுதம், நிலை என்ற மூன்று தலைப்பில் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். உடைந்த வாள், காணாமல் போன கேடயம், ஒடிந்த கால் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகே விதிநூலைத் திறக்கலாம். பதினான்கு ஓர்க்குகள் வில்லோடும் ஆறு பேர் கோடரியோடும் கிடைத்திருந்தால், வில்லாளர் அணிதான் முதல் அணி. விதிநூல் கோடரி அணியை எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் சரி.

இரண்டாவதாக, படை எப்போது நிறைவு பெற்றதாகும் என்பதை எண்ணில் எழுதிவைக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள், வாங்கிக் குவித்து வண்ணம் தீட்டாமல் கிடக்கும் உருக்களின் குவியலை ஈயமலை என்று கேலியாகச் சொல்வதுண்டு. வாங்க ஐந்து நிமிடம், தீட்ட இரண்டு மணி நேரம் என்ற விகிதம் இருக்கும்வரை மலை வளரத்தான் செய்யும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர்க் காலாட்கள் 20, ஓர்க் வில்லாளர் 20, கோப்ளின்கள் 30, ஓநாய் மேல் வரும் கோப்ளின்கள் 5, ஓகர்கள் 3, கல்லெறி பொறி ஒன்றும் அதற்கான ஆட்கள் 3 பேரும், தளபதி, மந்திரவாதி, படைக்கொடி ஏந்துபவர் என 3 தலைவர்கள். மொத்தம் 84 உருக்கள். காலாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் 70 பேருக்கு 105 மணி. ஓநாய் வீரருக்கு 3 மணி வீதம் 15. ஓகருக்கு 4 வீதம் 12. பொறியாட்களும் பொறியும் சேர்ந்து 8. தலைவர்களுக்கு 6 வீதம் 18. ஆக 158 மணி நேரம். உருவுக்குக் கால் மணி நேரம் துப்புரவுக்கு என்று சேர்த்தால் இன்னும் 21. மொத்தம் 179. வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்குபவருக்கு இது 45 வார வேலை. ஏறத்தாழ ஓர் ஆண்டு. இந்தக் கணக்கைப் போடாமல் 200 உருக்களை ஏலத்தில் எடுப்பவர் தம்முடைய இரண்டு, மூன்று ஆண்டுகளையும் சேர்த்தே ஏலம் எடுக்கிறார்.

அவரவர் வேகம் வேறு. முதலில் ஐந்து உருக்களைத் தீட்டி நேரம் பார்த்து, அந்த எண்ணை இக்கணக்கில் போட்டுக்கொள்ளலாம். எண் பெரிதாக வந்தால் படையைச் சுருக்க வேண்டும். அதிலும் ஓர் ஒழுங்கு தேவை: முதலில் ஓர் அணியும் ஒரு தலைவரும் முழுமையாக முடிந்து மேசைக்கு வர வேண்டும். பிறகுதான் அடுத்த அணி. இருபது பேரை வைத்து ஒரு சிறு மோதலை ஆடிப் பார்த்தவர் அடுத்த இருபதைத் தீட்டுவார். எல்லா உருக்களுக்கும் ஒரே சமயத்தில் பச்சை பூசத் தொடங்கியவர் பெரும்பாலும் பச்சையோடு நின்றுவிடுவார்.

தொடக்கக்காரருக்கு நல்ல வழி ஒன்று அந்தக் காலத்திலேயே இருந்தது. 'ரெஜிமென்ட்ஸ் ஆஃப் ரினௌன்' என்ற பெயரில் சிட்டாடல் பெயர் பெற்ற அணிகளைப் பெட்டியாக விற்றது. ஹார்பாத் என்ற ஓர்க் தலைவனின் வில்லாளர்கள், பக்மேன் என்ற குள்ளனின் அணி, ஸ்கார்லாக்கின் எல்ஃப் வில்லாளர்கள், கோல்ஃபாக்கின் ஓகர்கள் ஆகியவை அவற்றுட் சில. ஒவ்வொன்றுக்கும் தலைவன் உண்டு, பின்கதை உண்டு. அப்படி ஓர் அணியைச் சுற்றிப் படையை வளர்த்தால் கதையும் கூடவே வளரும். இவை ஏலத்தில் விலை கூடியவை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் முழுப் பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், தலைவனை மட்டும் தேடி எடுத்து, அவனுக்குப் பின்னால் சாதாரண ஓர்க்குகளை நிறுத்தினால் செலவு மிகவும் குறையும். போர்க்களத்தில் குறை சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

மூன்றாவது, அணிவகுப்பு ஒத்திகை. மூன்றாம் பதிப்பின் வழக்கப்படி கோப்ளினுக்கு 20 மில்லிமீட்டர் சதுரமும் ஓர்க்குக்கு 25 மில்லிமீட்டர் சதுரமும் அடித்தட்டு. ஐந்து பேர் வீதம் நான்கு வரிசை நின்றால் ஓர்க் அணி 125 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் ஆழமும் கொள்ளும். தாளில் அந்தக் கட்டங்களை வரைந்து, உருக்களை ஒட்டாமல் நிறுத்திப் பார்க்க வேண்டும். நீட்டிய ஈட்டிக்காரன் முதல் வரிசைக்கும், கையை அகலமாக விரித்தவன் ஓரத்துக்கும், அடக்கமாக நிற்பவன் நடுவுக்கும் போவான். இன்னும் இடித்தால் சிலரைச் சற்றே சாய்த்துத் திருப்பி ஒட்ட வேண்டும். இடம் முடிவானதும் அடித்தட்டின் அடியில் 1 முதல் 20 வரை எண் எழுதிவிட்டால், பின்னர் ஒவ்வொரு முறை அடுக்கும்போதும் குழப்பம் வராது. இதைச் செய்யாமல் தீட்டி முடித்த அணிகள் பல, ஒன்றோடொன்று உராய்ந்து வண்ணம் உதிர்ந்து போயிருக்கின்றன.

பழைய வண்ணத்தை நீக்கலாமா

இரண்டாம் கையாக வரும் உருக்களில் பெரும்பாலானவற்றின்மேல் ஏற்கெனவே வண்ணம் இருக்கும். அதைக் கரைத்துவிட்டுத் தொடங்குவதே வழக்கம் என்று பல வழிகாட்டிகள் எழுதுகின்றன. இதில் எனக்கு உடன்பாடு குறைவு. 1985இல் ஒரு சிறுவனோ இளைஞரோ தீட்டிய ஓர்க், அந்தக் காலத்து வண்ணங்களையும் அந்தக் காலத்து ரசனையையும் சுமந்து நிற்கிறது. வெற்று உலோக உரு இன்னொன்று கிடைக்கலாம். அந்தத் தூரிகை வேலை மறுபடி கிடைக்காது. வண்ணம் மெல்லியதாக, கண், பல் விவரங்களை மூடாமல் இருந்தால் அப்படியே வைத்துக்கொண்டு, உதிர்ந்த இடங்களைத் திருத்தி, அடித்தட்டை மட்டும் மற்ற படையோடு பொருந்தச் செய்யலாம். கெட்டியான எனாமல் பூச்சு முகத்தையே விழுங்கியிருந்தால் நீக்குவதில் தவறில்லை. எதுவானாலும் முதலில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீக்குவதற்கு இங்கிலாந்தில் பலர் பயன்படுத்துவது நம் வீடுகளிலும் உள்ள டெட்டால்தான். நீர் கலக்காத டெட்டாலில் உருவை ஒரு நாள் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்தால் வண்ணம் கழன்று வரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தேய்த்து முடிக்கும் முன் தண்ணீர் பட்டால், கரைந்த வண்ணம் பிசின்போல் திரண்டு உருவில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் அலசல் புதிய டெட்டாலிலேயே நடக்க வேண்டும். பிறகே பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும். நீர் கலக்காத டெட்டால் தோலை எரிக்கும். ரப்பர் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். அசிட்டோன் இன்னும் விரைவாக வேலை செய்யும், ஆனால் எளிதில் தீப்பற்றும். பிளாஸ்டிக் உருவையும் அடித்தட்டையும் கரைத்தும்விடும். 1980களின் இறுதியில் வந்த பிளாஸ்டிக் கோப்ளின்களை உலோகம் என்று நினைத்து அசிட்டோனில் போட்டால் மிச்சம் எதுவும் இராது.

உலோகம் வெளிப்பட்டதும் வளைந்த வாள்களை நிமிர்த்தலாம். ஈயக் கலவை மென்மையானது; ஒரே முயற்சியில், மெதுவாக, விரலால் நிமிர்த்த வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடியும். ஒடிந்த கைக்கு வெறும் பசை போதாது. இரு பக்கமும் 1 மில்லிமீட்டர் துளையிட்டுப் பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி ஒட்டினால் நிலைக்கும். அச்சுக்கோட்டை மெல்லிய அரத்தால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் முகத்தின் மேல் செல்லும் கோட்டைத் தொடாமல் விடுவதே மேல். மூக்கு போனால் போனதுதான்.

வண்ணம் தீட்டும் முறை

உருவை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். 1980களின் படைகளுக்கு வெள்ளை அடிப்பூச்சே பொருந்தும். கருப்பு அடிப்பூச்சு பின்னர்ப் பரவியது; நிழல் எளிதாக வரும், ஆனால் மேலே பூசும் சிவப்பும் மஞ்சளும் மங்கும். அந்தக் காலப் படைகளின் அடையாளமே கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள்தான். கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1977 முதல் நடத்திய 'ஒயிட் டுவார்ஃப்' இதழின் வண்ணப் பக்கங்களும், 1987இல் தொடங்கிய கோல்டன் டீமன் போட்டியும் அந்த ரசனையைப் பரப்பின. மழைக்கால ஈரப்பதத்தில் ஸ்ப்ரே அடித்தால் பரப்பு பொருபொருவென்று ஆகும். அந்நாட்களில் தூரிகையால் பூசுவதே பாதுகாப்பு.

முழுப் படைக்கும் ஐந்து அல்லது ஆறு வண்ணங்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர்க், கோப்ளின் தோல் பச்சை. வண்ணச் சக்கரத்தில் பச்சைக்கு எதிரே நிற்பது சிவப்பு. எனவே துணிகளில் சிவப்பு வந்தால் தோல் எடுத்துக்காட்டும். மஞ்சள், பழுப்பு, கருப்பு ஆகியவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். துணிகளை ஆளுக்கொரு வண்ணமாக மாற்றலாம். கூலிப்படைக்குச் சீருடை இருந்ததில்லை. ஆனால் ஏதாவது ஒன்று, எடுத்துக்காட்டாகக் கடுகு மஞ்சள், எல்லா அணிகளின் கேடயத்திலோ கொடியிலோ திரும்பத் திரும்ப வர வேண்டும். தொலைவிலிருந்து பார்க்கும்போது படையை ஒன்றாகக் காட்டுவது அதுதான்.

தோலுக்கு ஒரு செய்முறை: நடுத்தரப் பச்சையை மெல்லியதாக இருமுறை பூச வேண்டும். காய்ந்ததும் கரும்பச்சையோடு சிறிது பழுப்பு சேர்த்து நீர்க்கக் கரைத்து உருவெங்கும் ஓடவிட வேண்டும். இதற்கு வாஷ் என்று பெயர். சுருக்கங்களிலும் பள்ளங்களிலும் தேங்கி நிழலாகும். பிறகு மூக்கு, கன்னம், முழங்கை, விரல் கணு ஆகிய மேடுகளில் முதல் பச்சையை மீண்டும் வைத்து, கடைசியில் அதோடு மஞ்சள் சேர்த்து மிகச் சில இடங்களில் தொட வேண்டும். வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தால் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். மஞ்சள் சேர்த்தால் உயிரோடு இருக்கும். சங்கிலிக் கவசத்துக்கும் விலங்குத் தோலுக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. தூரிகையில் வண்ணத்தை எடுத்துத் தாளில் துடைத்துவிட்டு, எஞ்சிய உலர்ந்த வண்ணத்தால் மேலாகத் தேய்த்தாலே மேடுகள் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனியாகப் பழைய தூரிகை வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இந்த வேலை முனையைக் கெடுக்கும்.

நல்ல தூரிகை என்றால் மிகச் சிறியது என்று பலர் நினைக்கிறார்கள். மிகச் சிறிய தூரிகையில் வண்ணம் உருவைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். கூரிய முனையுள்ள 1ஆம் எண் தூரிகையால் கண்ணையும் வரையலாம், அங்கியையும் தீட்டலாம். நம் ஊர் வெப்பத்தில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்து போவது பெரிய தொல்லை. மூடியுள்ள தட்டையான டப்பாவில் ஈரத்தாளைப் பரப்பி, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து, அதில் வண்ணத்தைக் கலந்தால் பல மணி நேரம் ஈரமாக இருக்கும்.

ஐந்து ஐந்தாகத் தீட்டுவது நடைமுறைக்கு ஏற்றது. ஒன்றாகத் தீட்டினால் நேரம் போதாது. இருபதாகத் தீட்டினால் சலிப்பு வந்துவிடும். முதல் வரிசைக்கும் தலைவருக்கும் உழைப்பைக் கூட்டி, பின்வரிசையில் கண்ணில் படாத இடங்களில் குறைக்கலாம். இதைச் சோம்பல் என்று கருத வேண்டியதில்லை. எந்தப் புட்டியிலிருந்து எந்த வண்ணம், எத்தனை துளி, எந்த வரிசை என்பதை முதல் உருவைத் தீட்டும்போதே எழுதிவைக்க வேண்டும். எட்டு மாதம் கழித்துக் கோப்ளின் அணிக்கு வரும்போது நினைவு கைகொடுக்காது. தாளின் ஓரத்தில் அந்த வண்ணத்தையே ஒரு பொட்டு வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கேடயம், கொடி, அடித்தட்டு

பழைய படைகளில் ஆளைவிடக் கேடயமே பேசும். முறைக்கும் கண்ணும் பல் வரிசையுமாக முகம் ஒன்றைக் கேடயத்தில் கையால் வரைவது அக்கால ஓர்க் படைகளின் வழக்கம். கேடயத்தை ஒட்டும் முன் தனியாகத் தீட்டினால் பின்புறமும் நெஞ்சும் எட்டும். கொடியைக் கெட்டித் தாளில் வரைந்து, பசை காய்வதற்குள் பென்சிலில் சுற்றி வளைத்தால் காற்றில் அசைவதுபோல் நிற்கும். கோணல் மாணலாக வந்தாலும் கணினியில் அச்சிட்ட கொடியைவிடக் கையால் வரைந்ததே இந்த உருக்களோடு ஒத்துப்போகும் என்பது என் கருத்து. ஓர்க்குகள் நேர்கோடு போடுபவர்கள் அல்லர்.

உலோகத் தட்டோடு வந்த முற்கால உருக்களின் தட்டை வெட்டக் கூடாது. பிளாஸ்டிக் சதுரத்தின் பிளவை அடைத்து அதன்மேல் ஒட்டி, சுற்றிலும் புட்டியால் சரிவு கொடுத்தால் போதும். ஓரிரு மில்லிமீட்டர் உயரம் கூடும். அவர்களைப் பின்வரிசையில் நிறுத்தினால் முன்வரிசைத் தலைகளுக்கு மேலே முகம் தெரிந்து நன்றாகவே இருக்கும். மணலை ஒட்டிப் பச்சை தீட்டி, ஓரங்களுக்கும் அதே பச்சையைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பாதுகாத்து வைத்தல்

கடைசியில் வார்னிஷ். முதலில் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்தபின் மங்கலான வார்னிஷ் ஒரு பூச்சு. முதலாவது வண்ணத்தைக் காக்கும். இரண்டாவது கண்ணாடிபோல் மின்னுவதைக் குறைக்கும்.

பழைய ஈய உருக்களுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. உருவின்மேல் வெண்ணிறத் தூள் பூத்து, நாளடைவில் உலோகத்தையே அரித்துவிடும். இதன் காரணம் அசிட்டிக் அமில ஆவி. அமிலமும் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடும் ஈரமும் சேர்ந்து ஈயத்தைக் கார்பனேட் ஆக்குகின்றன. ஐரோப்பாவில் வெள்ளை நிறமி செய்வதற்கு ஈயச்சுருள்களை வினிகர் பானைகளுக்கு மேல் வைத்து எருவுக்குள் மூடியது இதே வேதியியலைப் பயன்படுத்தித்தான். ஓக் போன்ற மர அலமாரிகள், மலிவான அட்டைப்பெட்டிகள், சில வகைப் பசைகள் ஆகியவை இந்த ஆவியை வெளியிடுகின்றன. கப்பல் மாதிரிகளின் ஈயப் பாகங்கள் மூடிய கண்ணாடிப் பேழைக்குள் பொடிந்து போனதை அருங்காட்சியகத்தினரும் கண்டிருக்கிறார்கள். அழகான மரப்பேழைக்குள் பூட்டி வைப்பதைவிட உலோக அலமாரியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ சிறிது காற்றோட்டத்தோடு வைப்பது நல்லது. வெண்தூள் கண்ட உருவை உடனே மற்றவற்றிலிருந்து பிரிக்க வேண்டும். அந்தத் தூளும் நச்சு, ஊதக் கூடாது. அமிலம் என்பதால் வினிகரால் துடைப்பதும் கூடாது.

எடுத்துச் செல்வதற்கு, இரும்புத் தகடு பதித்த தட்டமும் அடித்தட்டின் கீழ் ஒட்டிய சிறு காந்தமும் போதும். 20 ஈய ஓர்க்குகள் கைக்குக் கனமாகவே இருப்பார்கள். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்க்காமல் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும்.